என்ன ஆல்பம் ஓடுதுன்னு கேட்டா அட்டைப் படத்த மட்டும் அனுப்பாதீங்க

ஜாஸ் கேக்குற ரெண்டு பேர் பேசிக்கிட்டா சாப்பிட்டியா தூங்கினியான்னு எல்லாம் ஆரம்பிக்க மாட்டாங்க, இப்ப என்ன ஓடுதுன்னு தான் முதல் கேள்வியே வரும். இந்தக் கேள்விக்கு நான் ரொம்ப வருஷமா ஒரே மாதிரி தான் பதில் சொல்லிட்டு இருந்தேன். ஆல்பம் அட்டைய ஒரு ஸ்க்ரீன்ஷாட், கீழ ‘மாஸ்டர்பீஸ்’னு ஒரு வார்த்தை, கூட ரெண்டு நெருப்பு எமோஜி. அந்தப் பக்கம் என் ஃபிரண்டுகிட்ட இருந்து ஒரு கட்டை விரல் வரும், அதோட கதை முடிஞ்சுது. அவன் கேக்க மாட்டான்னு எனக்குத் தெரியும், ஏன்னா அவன் அனுப்புற அட்டைக்கெல்லாம் நானும் கட்டை விரல தூக்கிக் காட்டிட்டு வேற வேலை பாக்கப் போயிடுவேன்.

ஒரு நாள் ராத்திரி பியானோக்காரர் பில் எவன்ஸோட ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ கேட்டுட்டு இருந்தேன், தூக்கம் வரல, மாஸ்டர்பீஸ்னு டைப் பண்ணவும் சோம்பேறித்தனமா இருந்துச்சு, அதனால மனசுல பட்டத அப்படியே அனுப்பிட்டேன். ‘மச்சான் ஹெட்ஃபோன் போட்டு கேளு, பியானோ கொஞ்சம் அடங்குற நேரத்துல பின்னாடி யாரோ கிளாஸ டேபிள் மேல வைக்கிற சத்தம் கேக்குது, நாலு பேர் ஏதோ முணுமுணுக்குறாங்க, நம்மளும் அங்க ஓரமா ஒரு சேர்ல உக்காந்திருக்குற மாதிரியே இருக்குடா.’ அவ்ளோ தான். முக்கா மணி நேரம் கழிச்சு பதில் வந்துச்சு: ‘கிளாஸ் சத்தம் கேட்டுட்டேன். அத விடு, அந்த பேஸ் வாசிக்கிற ஆளு யாரு?’

அஞ்சு வருஷமா கட்டை விரல் மட்டுமே காட்டினவன் கேட்ட முதல் கேள்வி அது. அன்னைக்கு எனக்கு உறைச்சது இது தான்: காத எங்க வைக்கணும்னு ஒரே ஒரு இடத்த காட்டிட்டா போதும், மிச்சத்த ஆல்பமே பாத்துக்கும். அதுக்கப்புறம் நான் கத்துக்கிட்டது, பண்ணின கோமாளித்தனம் எல்லாத்தையும் சேத்து இங்க எழுதுறேன், ஜாஸுக்கு புதுசா வந்தவங்களுக்கும் உதவும், பழம் தின்னு கொட்டை போட்டவங்களுக்கும் கொஞ்சம் உதவலாம்.

முதல்ல நீங்க ஒழுங்கா கேளுங்க

போன நோண்டிக்கிட்டே ஓட விட்ட ஆல்பத்த பத்தி சொல்றதுக்கு உங்ககிட்ட ஒண்ணுமே இருக்காது, அப்போ தான் ‘செம வைப்’னு எழுதத் தோணும். யாருக்காவது அனுப்பணும்னு நினைக்கிற ஆல்பத்த குறைஞ்சது ரெண்டு தடவ கேளுங்க. முதல் தடவ சும்மா கேளுங்க. ரெண்டாவது தடவ ஒரே ஒரு வாத்தியத்தோட வால புடிச்சுக்கிட்டு அது போற பக்கமெல்லாம் போங்க. எந்த வாத்தியம்னு கேட்டா நான் பேஸ்னு தான் சொல்வேன், கீழ் ஸ்வரத்துல அடித்தளம் போடுற அந்தப் பெரிய தந்தி வாத்தியம். டிரம்பெட், சாக்ஸ்னு சொல்ற சாக்ஸபோன் எல்லாம் தானா காதுல விழும், பேஸ நாம தான் தேடிப் போய் புடிக்கணும், புடிச்சுட்டோம்னா பாட்டோட எலும்புக்கூடு மொத்தமும் தெரிஞ்சுடும்.

உதாரணத்துக்கு எல்லாரும் கேட்டிருக்குற ஒண்ணையே எடுத்துக்குவோம். டிரம்பெட் வாசிக்கிற மைல்ஸ் டேவிஸோட ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, 1959-ல மார்ச்ல ஒரு நாள் ஏப்ரல்ல ஒரு நாள்னு ரெண்டே நாள் உக்காந்து நியூயார்க்ல பதிவு பண்ணது. முதல் பாட்டு ‘சோ வாட்’. இதுல மெட்டே பேஸ்ல தான் இருக்கு. பால் சேம்பர்ஸ் ஒரு வரி வாசிப்பார், அதுக்கு ரெண்டே ரெண்டு தட்டுல பதில் வரும், முதல்ல பியானோ மட்டும் பதில் சொல்லும், அப்புறம் ஊதுறவங்களும் சேந்துக்குவாங்க. இப்படி 8 பார், மறுபடி அதே 8 பார், அடுத்து அதே சங்கதிய அரை ஸ்வரம் மேல தூக்கி வச்சு ஒரு 8, திரும்ப பழைய இடத்துக்கே இறங்கி வந்து இன்னொரு 8, ஆக மொத்தம் 32 பார். ஒரு பாருக்கு நாலு தட்டு, காலால தட்டிக்கிட்டே எண்ணிப் பாருங்க. இந்த 32 ஒரு சுத்து முடிஞ்சா அத ஒரு கோரஸ்னு சொல்வாங்க. அப்புறம் மைல்ஸ், சாக்ஸ் வாசிக்கிற கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி யார் சோலோ எடுத்தாலும், அதாவது முன்னாடி வந்து தனியா வாசிச்சாலும், இதே 32-அ தான் சுத்தி சுத்தி வருவாங்க, கடைசியில மறுபடி மெட்டுக்கு வந்து முடிப்பாங்க. ஜாஸ்ல சும்மா தோணினத வாசிக்கிறாங்கன்னு நினைச்சுட்டு இருந்தவன் நான், அந்த அரை ஸ்வரம் ஏறுற இடம் முதல் தடவ பிடிபட்டப்போ தான் ஓஹோ இதுக்கெல்லாம் ஒரு வீடு வாசல் இருக்குன்னு புரிஞ்சுது.

அதே பாட்டுல ஒரு இடம் சொல்றேன். ஆரம்பிச்சு ஒன்றரை நிமிஷம் ஆகுறப்போ மெட்டு முடிஞ்சு மைல்ஸோட சோலோ தொடங்கும். சரியா அந்த நொடி டிரம்ஸ் வாசிக்கிற ஜிம்மி காப் சிம்பல்ல, அந்த பித்தளைத் தட்டுல, ஒண்ணு போடுவார். போட்டது கொஞ்சம் பலமாவே விழுந்துடும், அது அடங்க நேரம் எடுக்கும், அந்த ரீங்காரத்துக்கு நடுவுல டிரம்பெட் அலட்டிக்காம நடந்து வரும். இந்த மாதிரி ஒரு இடம் கிடைச்சுதுன்னா உங்களுக்கு அனுப்புறதுக்கு மெசேஜ் ரெடி. ஆல்பம் முழுக்க அலச வேணாம், வரலாறு சொல்ல வேணாம், ‘ஒன்றரை நிமிஷத்துல அந்த சிம்பல கேளு’ன்னா போதும், கேக்குறவன் ஒன்றரை நிமிஷம் காத்திருப்பான்ல, அந்த ஒன்றரை நிமிஷத்துலயே பாட்டு அவனை உள்ள இழுத்துடும்.

எண்ணுறத பத்தி சொன்னேன்ல, அதுக்கு இன்னொரு நல்ல இடம் டியூக் எலிங்டன் தன்னோட பெரிய குழுவோட 1956 நியூபோர்ட் ஜாஸ் விழாவுல வாசிச்சது. பால் கான்சால்வஸ்னு டெனர் சாக்ஸ் வாசிக்கிறவர் நடுவுல எந்திரிச்சு 27 கோரஸ் விடாம ஊதித் தள்ளுவார், அது ப்ளூஸ், ஒரு கோரஸுக்கு 12 பார் தான். போகப் போக கூட்டம் கத்த ஆரம்பிக்கிறது பின்னாடி கேக்கும், எண்ணிக்கை நமக்கு விட்டுப் போகும், போகட்டும். இத நான் ஒருத்தருக்கு அனுப்புறப்போ ‘எத்தனன்னு எண்ணிட்டு சொல்லுங்க’ன்னு மட்டும் தான் அனுப்பினேன். அவங்க மூணு தடவ கேட்டுட்டு 25-னு சொன்னாங்க. தப்பு தான், ஆனா மூணு தடவ கேட்டாங்க இல்ல.

வாசிக்கிறது யாருன்னு பாத்துட்டு பேசுங்க

இது நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ல ரெண்டாவது பாட்டு ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’. அதுல முதல் சோலோ பியானோ தான். நான் ஒரு நாள் உணர்ச்சிவசப்பட்டு நீளமா எழுதி அனுப்பினேன், பில் எவன்ஸ் எப்பவும் மயிலிறகால தடவுற மாதிரி வாசிக்கிற மனுஷன், அவருக்குள்ள இப்படி ஒரு ப்ளூஸ் குசும்பு ஒளிஞ்சிருக்குன்னு யாருக்குத் தெரியும், அப்படி இப்படின்னு ரெண்டு பத்தி. எங்க கூட்டத்துலயே மூத்தவர் ஒருத்தர் இருக்கார், அதிகம் பேச மாட்டார், அவர் ஒரே வரியில பதில் போட்டார்: ‘தம்பி, அந்த ஒரு பாட்டுல மட்டும் பியானோ வின்டன் கெல்லி.’

போச்சு. ரெண்டு நாள் நான் யாருக்கும் எதுவும் அனுப்பல. அப்புறம் எடுத்துப் பாத்தா ஆல்பத்தோட பின் அட்டையிலயே தெளிவா போட்டிருக்கு. நாம தான் ஆப்ல கேக்குறோம், ஆப்ல பெரும்பாலும் லீடர், அதாவது ஆல்பம் யார் பேர்ல வந்துச்சோ அவர் பேர் மட்டும் பெருசா தெரியும், யார் யார் கூட வாசிச்சாங்கங்கிறது எங்கயோ உள்ள இருக்கும் இல்ல இருக்கவே இருக்காது. அதனால அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் செலவு பண்ணி வாத்தியக்காரங்க பட்டியல பாருங்க, பாட்டுக்குப் பாட்டு ஆள் மாறுதான்னும் பாருங்க, பழைய ஆல்பங்கள்ல இது நிறைய நடக்கும்.

அந்த அசிங்கத்துல ஒரு நல்லதும் நடந்துச்சு. வின்டன் கெல்லின்னு ஒருத்தர் எனக்கு கிடைச்சார். அந்த அண்ணனே அடுத்த நாள் ‘கெல்லி பிடிச்சுதுல்ல, இத கேளு’ன்னு சாக்ஸ் வாசிக்கிற ஹேங்க் மோப்லியோட ‘சோல் ஸ்டேஷன்’ அனுப்பினார், 1960-ல பதிவு பண்ணது, பியானோ கெல்லி, பேஸ் அதே பால் சேம்பர்ஸ், டிரம்ஸ் ஆர்ட் பிளேக்கி. நான் அங்க இருந்து பிளேக்கிய புடிச்சு அவரோட ‘மோனின்’ போனேன். அண்ணன் சேம்பர்ஸ புடிச்சுக்கிட்டு கோல்ட்ரேனோட ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ போனார், போய் அங்க இருந்து ஒரு குண்டு போட்டார் பாருங்க: அந்த ஆல்பத்துல வர்ற ‘நைமா’ல வாசிக்கிற நாலு பேர் கோல்ட்ரேன், கெல்லி, சேம்பர்ஸ், ஜிம்மி காப். நான் சொதப்பின ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’லயும் இதே நாலு பேர் இருக்காங்க, கூட மைல்ஸும் கேனன்பாலும். ரெண்டுமே 1959. ஒண்ணு குறும்பா தோள குலுக்கிட்டு நடக்குற ப்ளூஸ், இன்னொண்ணு மூச்சு விடவே யோசிக்க வைக்கிற மெதுவான பாட்டு, ஆள் அதே ஆள்.

இந்த சங்கிலி விளையாட்டு தான் ஜாஸ் ஆளுங்களுக்குள்ள ஆல்பம் மாத்திக்கிறதுல இருக்குற பெரிய சுகம்னு நான் சொல்வேன். ராக், பாப் எல்லாம் பெரும்பாலும் ஒரு குழு ஒரு ஆல்பம்னு போகும், இங்க இன்னைக்கு லீடரா இருக்குறவர் நாளைக்கு இன்னொருத்தர் ஆல்பத்துல ஓரமா நின்னு வாசிப்பார், அதுக்கு தான் சைட்மேன்னு பேர். மைல்ஸ் மாதிரி பெரிய ஆளே 1958-ல கேனன்பாலோட ‘சம்திங் எல்ஸ்’ ஆல்பத்துல சைட்மேனா வாசிச்சிருக்கார். ரான் கார்ட்டர்னு ஒரு பேஸ் வாசிக்கிறவர், 2,200-க்கும் மேல பதிவுகள்ல வாசிச்சிருக்கார், அவர் ஒருத்தர புடிச்சுக்கிட்டாலே ஆயுசுக்கும் கேக்கலாம். ஆகவே ஒருத்தர் ஒரு ஆல்பம் அனுப்பினா நீங்க சம்பந்தமே இல்லாம உங்க ஆல்பத்த தூக்கிப் போடாம, அதுல இருக்குற ஒரு ஆள புடிச்சுக்கிட்டு அடுத்த ஆல்பத்துக்கு போங்க. ‘இதுல டிரம்ஸ் வாசிக்கிறவர் இன்னொரு இடத்துல என்ன பண்ணிருக்கார் பாரு’ன்னு சொல்றப்போ, அவர் அனுப்பினத நீங்க கேட்டீங்கங்கிறதுக்கும் அதுவே சாட்சி ஆயிடும்.

எந்த வருஷம், எந்த பதிப்பு

இத கொஞ்சம் வேகமா சொல்லிடுறேன். ஜாஸ்ல வெளிவந்த வருஷத்த விட பதிவு பண்ண வருஷம் தான் முக்கியம், ரெண்டுக்கும் நடுவுல சில சமயம் ஒரு தலைமுறையே போயிருக்கும். பியானோக்காரர் தெலோனியஸ் மங்கும் கோல்ட்ரேனும் சேந்து கார்னகி ஹால்ல வாசிச்சது 1957 நவம்பர்ல, அந்த டேப் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துல தூங்கிட்டு இருந்து 2005-ல தான் கையில கிடைச்சு ஆல்பமாச்சு. கோல்ட்ரேன் 1963-ல பதிவு பண்ண ஒரு செஷன் 2018-ல தான் வந்துச்சு. கிட்டார் வாசிக்கிற கிராண்ட் கிரீன் 1964-ல பதிவு பண்ண ‘மேட்டடோர்’ 1979 வரைக்கும் அலமாரியிலயே கிடந்துச்சு. ஆப்ல 2005-னு போட்டிருக்குறத பாத்துட்டு ‘புது ஆல்பம்’னு அனுப்பினீங்கன்னா நான் பட்ட அவமானத்த நீங்களும் படுவீங்க.

பதிப்பு விஷயம் ஏன்னா, நிமிஷக் கணக்கு சொல்றப்போ அது மாறும். பேஸ் வாசிக்கிற சார்லஸ் மிங்கஸோட ‘மிங்கஸ் ஆ அம்’ முதல்ல எல்பியா, அதாவது ரெண்டு பக்கமும் ஓடுற பெரிய வினைல் தட்டா, வந்தப்போ இடம் பத்தாம சில பாட்டுகள்ல சோலோவ வெட்டிட்டாங்க, பின்னாடி வந்த பதிப்புகள்ல வெட்டுன துண்ட திரும்ப ஒட்டியிருக்காங்க, அதனால நீங்க சொல்ற நாலாவது நிமிஷமும் அவர் கேக்குற நாலாவது நிமிஷமும் ஒண்ணா இருக்காது. ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ல இன்னும் கூத்து, முதல் பக்கத்த பதிவு பண்ணப்போ டேப் மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கு, அதனால போட்டுக் கேட்டா ஸ்ருதி லேசா ஏறியே கேக்கும், 1990-கள்ல வந்த மறுபதிப்புகள்ல தான் அத சரி பண்ணாங்க. அப்புறம் சிடியிலயும் ஆப்லயும் கடைசியில ‘ஆல்டர்நேட் டேக்’னு அதே பாட்ட அவங்க இன்னொரு தடவ வாசிச்ச பதிவு வரும், ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’யில அப்படித்தான், புதுசா கேக்குறவங்க ஏன்டா ஒரே பாட்டு திரும்ப திரும்ப வருதுன்னு குழம்பிடுவாங்க. ‘முதல் ஆறு பாட்டோட நிறுத்திக்கோ, மிச்சம் அப்புறம்’னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

எந்த பிரஸ்ஸிங், மோனோவா ஸ்டீரியோவா, எந்த ஊசின்னு ஆரம்பிக்கிற ஆளுங்க இருக்காங்க, எனக்கும் அந்தக் கிறுக்கு உண்டு, ஆனா அத அதே கிறுக்கு புடிச்சவங்ககிட்ட மட்டும் காட்டுங்க. மத்தவங்களுக்கு அது கல்யாண வீட்டுல பந்தலுக்கு எத்தன கம்பு நட்டோம்னு கணக்கு சொல்ற மாதிரி.

கதைய எப்ப சொல்றது

ஜாஸ் ஆல்பம்னா கூடவே ஒரு கதை ஒட்டிக்கிட்டு வரும். அத பாட்டுக்கு முன்னாடி சொல்றதா பின்னாடி சொல்றதாங்கிறதுல எனக்கு ஒரு கட்சி இருக்கு. கதை காத திறந்து விடும்னா முன்னாடி சொல்லுங்க, கண்ணுல தண்ணி வர வைக்கிற கதைன்னா பாட்டு கேட்டு முடிக்கட்டும், அப்புறம் சொல்லுங்க.

முன்னாடி சொல்ற கதைக்கு கீத் ஜாரட்டோட ‘கொல்ன் கான்சர்ட்’. 1975 ஜனவரி 24, ஜெர்மனியில கொல்ன் ஆப்பரா ஹவுஸ், ராத்திரி வெகு நேரம் கழிச்சு நடந்த கச்சேரி. அவர் கேட்ட பியானோ வரல, அதுக்கு பதிலா சின்னதா ஒரு பியானோ, அதுவும் ஒழுங்கா இல்ல, மேல் ஸ்வரம் எல்லாம் தகரம் மாதிரி, கீழ் ஸ்வரத்துல கனமே இல்ல. மனுஷன் வாசிக்க மாட்டேன்னு கிளம்பப் பாத்து அப்புறம் தான் ஒத்துக்கிட்டார். இது தெரிஞ்சுக்கிட்டு முதல் பகுதிய கேளுங்க, 26 நிமிஷம், இடது கை ஏன் ஒரே அச்ச திரும்பத் திரும்ப சுத்திட்டு இருக்கு, வலது கை ஏன் பியானோவோட நடுப் பகுதிய விட்டு அதிகம் நகரலங்கிறது காதுக்கே தெரியும். உடைஞ்ச சாமான வச்சுக்கிட்டு ஒருத்தர் வீடு கட்டுறத நேர்ல பாக்குற மாதிரி. கதை தெரியாம கேட்டா அழகா இருக்கு, தெரிஞ்சு கேட்டா ஒவ்வொரு முடிவும் ஏன்னு புரியுது.

கிராண்ட் கிரீனோட ‘ஐடில் மொமென்ட்ஸ்’ கதையும் முன்னாடி சொல்லலாம், ஏன்னா அது ஜாலி. 1963 நவம்பர், தலைப்புப் பாட்டு ரொம்ப மெதுவான பாட்டு, ஒரு கோரஸ்னா எத்தன பார்ங்கிறதுல வாசிக்கிறவங்களுக்குள்ள குழப்பம், கிரீன் ஒரு சுத்துக்கு பதிலா ரெண்டு சுத்து போயிட்டார், அடுத்தடுத்து வந்தவங்களும் அப்படியே போக, சின்னதா முடிய வேண்டிய பாட்டு கிட்டத்தட்ட 15 நிமிஷம் ஆயிடுச்சு. எல்பியோட ஒரு பக்கத்துல அதிகம் போனா இருபது நிமிஷத்த ஒட்டி தான் நல்லா அடங்கும். ஆனா அந்த டேக்க தூக்கிப் போட யாருக்கும் மனசு வரல, அதனால சில நாள் கழிச்சு திரும்ப வந்து வேற ரெண்டு பாட்ட சின்னதா வாசிச்சு இடத்த சரிக்கட்டினாங்க. இத சொல்லிட்டு பாட்ட போட்டா, யாருக்கும் எங்கயும் போற அவசரமே இல்லாத மாதிரி வாசிக்கிறாங்களே, அது ஏன்னு சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க.

பின்னாடி சொல்ற கதை, நான் மேல சொன்ன ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ தான். ‘பேஸ் யாரு’ன்னு மச்சான் கேட்டான்ல, நான் ஸ்காட் லஃபாரோன்னு பேர் மட்டும் சொன்னேன். அடுத்த நாள், மொத்தமும் கேட்டு முடிச்சுட்டேன்னு அவன் சொன்னதுக்கு அப்புறம் தான் மிச்சத்த சொன்னேன். 1961 ஜூன் 25, ஒரு ஞாயித்துக்கிழமை, நியூயார்க்ல வில்லேஜ் வேன்கார்ட் கிளப், ஒரே நாள்ல அஞ்சு செட் பதிவு பண்ணாங்க, அதுல இருந்து ரெண்டு ஆல்பம் வந்துச்சு. லஃபாரோ ஜூலை 6-ம் தேதி கார் விபத்துல இறந்துட்டார், 25 வயசு. பதினோரே நாள். இத முதல்லயே சொல்லியிருந்தா அவன் அஞ்சலிக் கூட்டத்துல உக்காந்த மாதிரி தான் கேட்டிருப்பான். அந்த பேஸ் சிரிக்குது, பியானோவ வம்புக்கு இழுக்குது, நடுவுல பூந்து பேசுது, அதெல்லாம் காதுல விழுந்திருக்கவே விழுந்திருக்காது.

சரி, எழுதுறது எப்படி

எனக்கு ஒரு கணக்கு உண்டு: ஆல்பம், லீடர், பதிவு பண்ண வருஷம், ஒரு ஆள், ஒரு இடம். அதுக்கு மேல எழுதினா படிக்க மாட்டாங்க. நான் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’க்கு முதல்ல அனுப்பின மெசேஜ் இது: ‘கோல்ட்ரேன் வெறித்தனம், ஜாஸ் வரலாற்றையே புரட்டிப் போட்ட ஆல்பம், கட்டாயம் கேக்கணும்.’ யாரும் கேக்கல. ஆறு மாசம் கழிச்சு அதே ஆல்பத்துக்கு வேற ஒருத்தருக்கு அனுப்பினது இது: ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ், கோல்ட்ரேன், 1959. முதல் பாட்டு மட்டும். கோல்ட்ரேன் முடிச்ச உடனே பியானோ சோலோ வரும், டாமி ஃபிளானகன், கார்டு, அதான் ஒண்ணா சேத்து அமுக்குற ஸ்வரக் கொத்து, அவ்ளோ வேகமா மாறுது, பாவம் மனுஷன் தடுமாறி துண்டு துண்டா வாசிப்பார், கடைசியில வெறும் கார்டா தட்டிட்டு விட்டுடுவார். அவ்ளோ பெரிய பியானோக்காரருக்கே இந்த கதின்னா அந்தப் பாட்டு எப்படிப்பட்டதுன்னு பாத்துக்கோங்க.’ அவர் கேட்டதோட மட்டும் இல்ல, ஃபிளானகன் அத மறக்கலயே, 1982-ல கோல்ட்ரேன் நினைவா தானே ஒரு ஆல்பம் போட்டு அதே பாட்ட நிதானமா வாசிச்சிருக்காரேன்னு தேடிப் புடிச்சு எனக்கே திருப்பி அனுப்பினார்.

‘கட்டாயம்’, ‘கேக்கலன்னா வேஸ்ட்’ இந்த மாதிரி வார்த்தைய எடுத்துடுங்க, பரீட்சைக்கு படிக்கச் சொல்ற மாதிரி இருக்கும். பத்துக்கு எத்தன மார்க்னு போடுறதும் எனக்குப் பிடிக்காது, ஒரு ஆல்பத்துக்கு எட்டரை குடுத்து என்ன பண்ணப் போறோம்.

ஒரு நேரத்துல ஒண்ணு. நான் ஒரு தடவ ஆர்வக் கோளாறுல ஜாஸுக்கு புதுசா வந்த ஒரு பொண்ணுக்கு பன்னெண்டு ஆல்பம் பட்டியல் போட்டு அனுப்பினேன், வருஷ வரிசையா வேற. அவங்க ‘ரொம்ப நன்றிங்க’ன்னு ரெண்டு வார்த்தை அனுப்பிட்டு அதுக்கப்புறம் ஜாஸ் பேச்சே எடுக்கல. பன்னெண்டு ஆல்பம்னா எட்டு மணி நேரத்துக்கும் மேல, யாருங்க உக்காந்து கேப்பாங்க. இப்பல்லாம் நான் முழு ஆல்பம் கூட சொல்றதில்ல, ஒரு பக்கம் சொல்றேன். எல்பிக்கு ரெண்டு பக்கம், பக்கத்துக்கு இருபது நிமிஷம் மாதிரி, அந்தக் காலத்துல எந்தப் பாட்டு முதல்ல எந்தப் பாட்டு கடைசியிலன்னு யோசிச்சு தான் அடுக்கினாங்க, அதனால ஒரு பக்கங்கிறது கேக்குறதுக்கு சரியான அளவு. கோல்ட்ரேனோட ‘எ லவ் சுப்ரீம்’ மாதிரி மொத்தமே 33 நிமிஷம் இருக்குறது, அதுவும் நாலு பகுதியும் ஒரே மூச்சா போறதுன்னா முழுசா குடுக்கலாம். கமாசி வாஷிங்டனோட ‘தி எபிக்’ 2015-ல மூணு டிஸ்க்கா வந்துச்சு, கிட்டத்தட்ட மூணு மணி நேரம், அத முழுசா ஒருத்தர் தலையில கட்டுறது பாவம், ஒரு பாட்டு எடுத்துக் குடுங்க.

அலிஸ் கோல்ட்ரேனோட ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ பத்தி ஒரு வார்த்தை. ஜாஸ்னாலே தள்ளி நிக்கிறவங்களுக்கு நான் குடுக்குறது அது தான், 1970-ல பதிவு பண்ணது. தம்புரா மீட்டுற சத்தம் முதல்ல வரும், பேஸ் ஒரே அடிய திரும்பத் திரும்ப போடும், மேல ஹார்ப் தண்ணி மாதிரி ஓடும், அப்புறம் ஃபேரோ சாண்டர்ஸோட சாக்ஸ். தம்புரா காதுக்கு பழக்கமான சத்தம் இல்லையா, அதனால நம்மாளுங்க பயப்படாம உள்ள வந்துடுவாங்க.

பிடிக்கலன்னா

சொல்லுங்க. பெரிய ஆல்பம்னு எல்லாரும் சொல்றாங்களே, பிடிக்கலன்னா நம்மள ஞானசூன்யம்னு நினைப்பாங்களோன்னு தலையாட்டுற பழக்கத்துல தான் பாதி பேச்சு செத்துப் போகுது. ஆனா ‘மொக்கை’ன்னு ஒத்த வார்த்தையில முடிக்காம எந்த இடத்துல காது விலகுச்சுன்னு சொல்லுங்க, நல்ல இடத்த காட்டுற அதே மாதிரி தான். சாக்ஸ் வாசிக்கிற ஆர்னட் கோல்மனோட ‘தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்’ முதல் தடவ கேட்டப்போ எனக்கு ஏதோ தரையே இல்லாத மாதிரி இருந்துச்சு, ஏன்னு சொல்லத் தெரியல, சும்மா ‘என்னமோ காலுக்கு கீழ ஒண்ணும் இல்ல’ன்னு எழுதினேன். அந்த மூத்த அண்ணன் தான் சொன்னார், ‘அதுல பியானோவே இல்ல, கவனிச்சியா’ன்னு. கார்டு தட்டி இது தான் பாதைன்னு காட்ட ஆளே இல்ல, பேஸும் டிரம்ஸும் ரெண்டு ஊதுறவங்களும் மட்டும். அது தெரிஞ்ச உடனே எல்லாம் பிடிச்சுடல, ஆனா எது எனக்கு பிடிக்கலன்னு பிடிபட்டுச்சு, அடுத்த தடவ சார்லி ஹேடனோட பேஸ தரையா வச்சுக்கிட்டு கேட்டேன், நிக்க முடிஞ்சுது.

அதே மாதிரி நீங்க அனுப்பினத ஒருத்தர் பிடிக்கலன்னு சொன்னா வக்காலத்து வாங்கிட்டு போகாதீங்க. போன மாசம் மச்சானுக்கு எரிக் டால்ஃபியோட ‘அவுட் டு லன்ச்’ அனுப்பினேன். 1964 பிப்ரவரியில பதிவு பண்ணது, அதே வருஷம் ஜூன்ல டால்ஃபி இறந்துட்டார், அத நான் சொல்லல, பின்னாடி சொல்ற கதை. அட்டையில ஒரு கடைக் கதவு, திரும்பி வர்ற நேரம் காட்டுற கடிகாரம் தொங்கும், ஆனா அதுல ஏகப்பட்ட முள்ளு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் காட்டும். அவன் பத்தே நிமிஷத்துல பதில் போட்டான்: ‘பாத்திரக் கடைக்குள்ள பூனை பூந்த மாதிரி இருக்குடா, ஆள விடு.’ எனக்கு கோவம் வந்துச்சு, இது எவ்ளோ பெரிய ஆல்பம் தெரியுமான்னு பாதி டைப் பண்ணிட்டேன், அப்புறம் அழிச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ‘பாத்திரம்னு சொன்னியே, அது எந்த சத்தம்?’

அன்னைக்கு பதில் இல்ல. மூணு வாரம் கழிச்சு நேத்து ராத்திரி பன்னெண்டே காலுக்கு மெசேஜ் வந்திருக்கு, நான் காலையில தான் பாத்தேன். ‘அவுட் டு லன்ச், டால்ஃபி, 1964. முதல் பாட்டு. பாத்திரம்னு சொன்னேன்ல, அது பாபி ஹட்சர்சன், வைப்ராஃபோன், உலோகப் பட்டைய குச்சியால தட்டுற வாத்தியம். பியானோவுக்கு பதிலா அவர் தான். அவர் ஒரு தட்டு தட்டிட்டு அப்படியே தொங்க விட்டுடுறார், அந்த தொங்குற சத்தத்துக்கு கீழ டிரம்ஸ கேளு, டோனி வில்லியம்ஸாம், 18 வயசாம்டா.’